பிளக்ஸில் சிரிக்கும் தாய்மாமன்

நெவார்க், நியூ ஜெர்சி
3 மார்ச் 2025

திரு. நாகராசு அவர்களுக்கு,

நான் அன்புச்செல்வி. பிறந்தது குளத்தூர். இங்கே குடியேற்ற வழக்குகள் நடத்தும் வக்கீலாக இருக்கிறேன். உங்கள் தம்பி கார்முகிலின் வழக்கு என்னிடம்தான் இருக்கிறது. போனில் கூப்பிட்டபோது, "வக்கீல்னா ரெக்கார்டு பண்ணுவீங்க, எதா இருந்தாலும் பேப்பர்ல எழுதி அனுப்புங்க" என்று சொல்லி என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். போனில் பேசியதைவிடக் காகிதத்தில் எழுதியதைத்தான் கோர்ட் சுலபமாக நம்பும். அதுகூடத் தெரியாத ஆளிடம் பேசுகிறேன் என்று அப்போதே புரிந்துவிட்டது. நல்லது, எழுதுகிறேன்.

வேறு சாதிப் பெண்ணான வைஷ்ணவியைக் கட்டிக்கொண்டதற்காகச் சொந்த அண்ணனே கையை உடைத்தார், ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி கார்முகில் இங்கே அடைக்கலம் கேட்டிருக்கிறார். மனு நிலுவையில் இருக்கிறது. அதிகாரிகள் ஆஜராகச் சொன்ன நாளில் ஒழுங்காகச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். அங்கேயே விலங்கு மாட்டி, லூசியானாவில் ஒரு தடுப்புக்காவல் கொட்டடிக்கு அனுப்பிவிட்டார்கள். வைஷ்ணவியும் குழந்தையும் இங்கே தனியாக இருக்கிறார்கள். ஒளிந்து திரிகிறவனைத் தேடுவது இந்த அதிகாரிகளுக்குச் சிரமம், வரிசையில் வந்து நிற்கிறவனைப் பிடிப்பது சுலபம். நாங்கள் சில வக்கீல்கள் சேர்ந்து இந்த முறையை எதிர்த்து மனுப் போட்டிருக்கிறோம், அலுவலக வாசலில் நின்றும் கத்துகிறோம்.

போன வாரம் விசாரணையில் அரசு வக்கீல் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். நீங்கள் தை மாதம் உங்கள் தங்கை செவந்தியின் மகளுக்குக் காது குத்தியபோது வைத்த பிளக்ஸ். உங்கள் மச்சான் கோபிநாத் அதை பேஸ்புக்கில் ஏற்றியிருக்கிறார். ஒரு பக்கம் நீங்கள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இன்னொரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட கார்முகில். "அமெரிக்கா புகழ் அன்புத் தாய்மாமனே, வருக வருக!" நடுவில் ஏனோ ஒரு புலி. நீதிபதி கார்முகிலைப் பார்த்து, "உன்னைக் கொல்வார் என்று நீ சொன்ன அண்ணன் இவர்தானா?" என்று கேட்டார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் செய்ததை உண்மையாக எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் தம்பியை விமானம் ஏற்றிவிடுவார்கள்.

அன்புச்செல்வி

*

குன்றாண்டார்கோவில்
17.3.2025

வக்கீலம்மாவுக்கு நாகராசு எழுதுவது. நலம் விசாரிக்கும் அளவுக்கு நமக்குள் பழக்கம் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. கூடப்பிறந்தவனைக் கொல்லப் பார்த்தேன் என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்ப வேண்டுமாம். குளத்தூர்க்காரி என்கிறீர்கள். குளத்தூரில் இவ்வளவு கூறுகெட்டவர்கள் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அழைக்காத வீட்டில் போய் உட்கார்ந்தால் எழுந்திரு என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்டுக்காரன் தன் வாசலைப் பூட்டிக்கொள்கிறான். அதில் உங்களுக்கு என்ன வலிக்கிறது? பிழைக்கப் போன இடத்தில் அவனுக்கே சட்டம் சொல்லிக் கொடுக்கிறீர்களாக்கும். நீங்கள் கத்துகிற வீடியோவை கோபிநாத் காட்டினான். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு இருபது பேர். எங்கள் ஊரில் தண்ணீர் வரவில்லை என்று நாலு பொம்பளைகள் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தால் பிடிஓவாவது வந்து பார்ப்பார். உங்களை ஒரு வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளக்ஸ் விஷயம். தாய்மாமன் இல்லாமல் காது குத்துவதா? பிள்ளையை மடியில் வைத்திருந்தது நான். ஆனால் இரண்டு மாமன் இருக்கிற பிள்ளைக்கு ஒரு மாமன் படத்தை மட்டும் போட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனால் அவனையும் போட்டேன். பந்தலில் கட்-அவுட்டும் வைத்தேன். மாமனுக்கு மாலை போடும் நேரம் வந்தபோது ஆள் இல்லாததால் கட்-அவுட்டுக்குப் போட்டோம். முறை என்றால் முறை. அமெரிக்காக்காரனுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?

அவன் வரட்டும். நானே கெடா வெட்டிச் சோறு போடுகிறேன். அவன் மட்டும் வரட்டும்.

நாகராசு
ஊராட்சி மன்றத் துணைத் தலைவர் (முத்திரை)

*

நெவார்க்
29 மார்ச் 2025

திரு. நாகராசு அவர்களுக்கு,

உங்கள் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. முத்திரையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இன்னும் குத்திக்கொண்டிருக்கிறீர்கள். பால் கணக்குக்கும் குத்துவீர்களோ என்னவோ.

"அவன் மட்டும் வரட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. இரண்டு பக்கம் வசை எழுதியவர் கடைசியில் ஒரு வரி உண்மையும் எழுதிவிட்டீர்கள். வைஷ்ணவி வந்தால்? மூன்று வயதுக் குழந்தை வந்தால்? அந்நிய நாட்டுக்காரன் வாசலைப் பூட்டுவதை மெச்சுகிறீர்கள். மெச்சத்தானே செய்வீர்கள். நீங்களும் அதே வேலையைத்தான் உங்கள் தெருமுனையில் செய்கிறீர்கள். அவன் பாஸ்போர்ட் கேட்கிறான், நீங்கள் சாதி கேட்கிறீர்கள். ஆனால் இங்கே பிடிபட்டவனுக்கு விசாரணை என்ற ஒன்று உண்டு. எதிர்த்துக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. வக்கீலை அரசு வைத்துத் தராது, ஆனால் தானாகத் தேடிப் பிடித்தால் என்னைப் போல ஒரு வக்கீலாவது பக்கத்தில் நிற்கலாம். அந்த உரிமைகளும் நாளுக்கு நாள் தேய்கின்றன, அதற்காகத்தான் மழையில் நிற்கிறோம். நீங்கள் கையை உடைத்த அந்த மோட்டார் கொட்டகையில் கார்முகிலுக்கு இதெல்லாம் கிடைத்ததா?

கட்-அவுட்டுக்கு மாலை போட்ட படமும் கோர்ட்டில் இருக்கிறது. உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலை போட்டால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் விளக்கினேன். "மிகவும் அன்பான வழக்கம்" என்று அரசு வக்கீல் பதில் சொன்னார். இந்த ஆளுக்கும் உங்களுக்கும் யார் பெரிய முட்டாள் என்று போட்டி வைத்தால் நான் தீர்ப்புச் சொல்லத் திணறுவேன்.

இரண்டு கேள்விகள் கேட்கிறேன். சென்னை வேளச்சேரியில் கார்முகிலும் வைஷ்ணவியும் குடியிருந்தபோது தேடி வந்த ஆட்களை அனுப்பியது உங்கள் பெரியப்பா மகன் குணசேகரன் என்று கார்முகில் சொல்கிறார். உண்மையா? அடுத்தது, ஒரு வாரம் நிற்க வேண்டிய அந்த பிளக்ஸை மறுநாள் காலையிலேயே நீங்கள் இறக்கிவிட்டதாக செவந்தி சொன்னார். ஏன்?

அன்புச்செல்வி

*

குன்றாண்டார்கோவில்
12.4.2025

வக்கீலம்மா,

செவந்தியிடம் பேசுகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு நாக்கில் எலும்பு இல்லை. காற்றடித்தது, பிளக்ஸைக் கழற்றினேன். என் பிளக்ஸ், என் சவுக்குக் கம்பு. அதற்கும் உங்கள் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டுமா?

குணசேகரனை இதில் இழுக்காதீர்கள். அவனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவன் பேர் எழுதிய காகிதத்தை என் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தபால்காரர் முனியசாமி அவன் கடையில்தான் டீ குடிக்கிறார்.

முத்திரையைப் பற்றி நக்கல் செய்திருக்கிறீர்கள். இந்த முத்திரையைப் பார்த்துத்தான் தாசில்தார் ஆபீஸில் நாற்காலி போட்டார்கள். உங்களுக்கு அந்த ஊரில் எவன் நாற்காலி போடுகிறான் என்று எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

வீறாப்பாக எழுதுகிறீர்களே, ஒரு சின்ன விவரம் கேட்கிறேன். அவனை அனுப்பினால் எங்கே கொண்டுவந்து இறக்குவார்கள்? திருச்சியிலா, டெல்லியிலா? வருவதற்கு முன்னால் யாருக்கெல்லாம் தகவல் போகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நாகராசு
(முத்திரை)

*

நெவார்க்
24 ஏப்ரல் 2025

திரு. நாகராசு அவர்களுக்கு,

பெரும்பாலும் டெல்லி. இறக்கியதும் விசாரிப்பார்கள். பெயரும் முகவரியும் மாநிலப் போலீசுக்குப் போகும். அங்கிருந்து உங்கள் ஸ்டேஷனுக்கு. உங்கள் வீட்டு வாசலில் ஒரு ஏட்டு வந்து நின்று, "ஒங்க தம்பி என்னைக்கு வாராரு?" என்று கேட்பார். அப்புறம் டீக்கடைக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

ஜூன் 10 கடைசி விசாரணை. மே 23க்குள் எல்லா ஆவணமும் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். "ஒரு அண்ணன் கோபக்காரராக இருந்தால் சென்னையில் போய் வாழ வேண்டியதுதானே" என்று அரசு வக்கீல் கேட்கிறார். கை உடைந்ததற்கு இருக்கும் ஒரே ஆஸ்பத்திரிச் சீட்டில் பைக் விபத்து என்று எழுதியிருக்கிறது. எதிர்த்து வைக்க என்னிடம் கார்முகிலின் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் இல்லை.

மனுப் போட்டு, மழையில் நின்று, தொண்டை கட்டி, கடைசியில் ஒரு ஆளின் உயிர் உங்களைப் போன்ற ஒருவரின் மனசாட்சியில் வந்து தொங்குகிறது. என் தொழிலை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. இதற்கு மேல் உங்களுக்கு எழுத மாட்டேன்.

அன்புச்செல்வி

*

குன்றாண்டார்கோவில்
6.5.2025
பதிவுத் தபால்

நியூ ஜெர்சி வக்கீல் அன்புச்செல்விக்கு,

நீங்கள் எதிர்பார்க்கிற மன்னிப்புக் கடிதம் இது இல்லை. நாகராசு எவன் காலிலும் விழுந்து பழக்கப்பட்டவன் இல்லை. நான் செய்ததை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். அந்த ஊர் நீதிபதியிடம் தாராளமாகக் காட்டுங்கள்.

2021 மாசி மாதம், எங்கள் வடக்கு வயல் மோட்டார் கொட்டகையில் வைத்து என் தம்பி கார்முகிலின் இடது கையை உடைத்தவன் நான்தான். தண்ணீர்க் குழாய் இரும்பால் அடித்தேன். முதல் அடியில் கை உடைந்தது. அதற்குப் பிறகும் அடித்தேன். பைக்கிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்ல வைத்தவனும் நான்தான். வைஷ்ணவியின் அப்பா புகார் கொடுக்கப் போனபோது, துணைத் தலைவர் என்கிற முறையில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசி, புகாரை வாங்கவிடாமல் அனுப்பினேன். அவர் வீட்டுச் சாமான்கள் தெருவில் கிடந்ததை நின்று பார்த்தேன்.

சென்னையில் வாழலாமே என்று கேட்கிறாராம் உங்கள் அரசு வக்கீல். அவருக்குச் சொல்லுங்கள். வேளச்சேரி முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். ஒரு கேஸ் சிலிண்டர் புக்கிங்கை வைத்துக் கண்டுபிடித்தேன். சென்னை என்ன, கோயம்புத்தூர் என்ன, ஒரு வாரம் போதும்.

பிளக்ஸ் வைத்தது ஊர் வாயை அடைக்க. கோபிநாத் அதை பேஸ்புக்கில் போடுவான் என்று தெரிந்திருந்தால் அதையும் வைத்திருக்க மாட்டேன்.

கார்முகிலோ அந்தப் பெண்ணோ இந்த ஜில்லாவில் கால் வைத்தால் உயிரோடு திரும்ப மாட்டார்கள். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் நோட்டரியிடமும் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து வேர்த்துப்போய், "அண்ணே, இது வெளிய போனா ஒங்க மேலதான் கேஸ் வரும்" என்றார். "வந்தா ஒங்ககிட்டத்தானே வருவேன், பீஸ் வாங்கிக்கங்க" என்றேன். எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்தியிருக்கிறேன். நக்கல் செய்தீர்களே, இப்போது செய்யுங்கள்.

நாகராசு
(முத்திரை)

*

நெவார்க்
14 ஜூலை 2025

திரு. நாகராசு அவர்களுக்கு,

இனி எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிறேன்.

ஜூன் 10 அன்று கார்முகிலுக்கு அடைக்கலம் கொடுத்துத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டுக் கெடுவும் போன வாரம் முடிந்தது. அரசுத் தரப்பு மேலே போகவில்லை. அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன் என்கிறதாம் குழந்தை.

உங்கள் கடிதத்தை நீதிபதி வரி வரியாகப் படிக்கச் சொன்னார். ஊதா மையில் வட்டமாக இருந்த முத்திரையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "முன்னாள் உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவரின் முத்திரை, பதவி போனபிறகும் விடமாட்டேன் என்கிறார்" என்று உள்ளதைச் சொன்னேன். போலீஸ் ஏன் உதவாது என்று அரசு வக்கீல் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. மாதக்கணக்கில் நாங்கள் எழுதிய வாதங்களால் முடியாததை உங்கள் திமிர் ஒரே கடிதத்தில் செய்துவிட்டது. சொல்லவே கசக்கிறது.

ஆனால் வழக்கு முடிந்த பிறகு செவந்தி அழைத்தார். நீங்கள் எழுதாததை அவர் சொன்னார். காது குத்து முடிந்த மறுநாள் காலையில் பார்த்தபோது, பிளக்ஸில் கார்முகிலின் தலையை மட்டும் யாரோ பிளேடு வைத்து வட்டமாக அறுத்து எடுத்திருந்தார்களாம். உங்கள் படத்தில் ஒரு கீறல்கூட இல்லையாம். நீங்கள் அதைக் கழற்றி வயலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினீர்களாம். அன்றிலிருந்து குணசேகரன் கடைப்பக்கம் நீங்கள் போவதில்லையாம்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "உயிரோடு திரும்ப மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கையால் என்று எழுதவில்லை. மிரட்டல் கடிதம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கே பயமாக இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வழக்கு வந்தாலும் வரட்டும் என்று எல்லாவற்றையும் உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

இதற்காக உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் அடியில் உடைந்த பிறகும் அடித்தவர் நீங்கள். வைஷ்ணவியின் அப்பா இன்றும் அடுத்த ஜில்லாவில் வாடகை வீட்டில் கிடக்கிறார். அந்தக் கணக்கு தீரவில்லை.

கார்முகில் உங்கள் கடிதத்தைப் படித்தார். "பாத்தீங்களாக்கா, எங்கண்ணன் இன்னும் மாறவே இல்ல. இனிமே அந்தாளு செத்தாலும் நான் அங்கிட்டுப் போகமாட்டேன்" என்றார். பிளக்ஸ் அறுபட்டது அவருக்குத் தெரியாது. செவந்தியும் அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா? தம்பி உங்களைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த உரிமையையாவது உங்களுக்குக் கொடுக்கிறேன்.

அன்புச்செல்வி

*

குன்றாண்டார்கோவில்
30.8.2025

வக்கீலம்மாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. செவந்தி வீட்டார் புது வீடு கட்டி நேற்று பால் காய்ச்சினார்கள். வேலை சரியாக இருந்தது.

இந்த முறையும் பிளக்ஸ் உண்டு. அடிக்கிற பையன் அரவிந்த்குமார் பழைய டிசைனையே எடுத்து வைத்துக்கொண்டு, "சின்ன மாமா படத்த அதே எடத்துல வச்சுரவாண்ணே?" என்று கேட்டான். எடுடா என்றேன். எடுத்த இடம் மொட்டையாக இருந்தது. அங்கிட்டு என் படத்தையே இன்னொரு தடவை போடச் சொன்னேன். இப்போது ரெண்டு பக்கமும் நானே நிற்கிறேன். ஒன்றில் செல்போன், ஒன்றில் கும்பிடு. ஊரே சிரித்தது. செவந்தி மட்டும் அழுதாள். குணசேகரன் வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தான். "என்னப்பா, தம்பி படத்தக் காணோம்?" என்றான். "எனக்கு ஏதுடா தம்பி?" என்றேன். சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன், பயந்துவிட்டேன் என்று ஏதேதோ எழுதியிருக்கிறீர்கள். வக்கீல் படிப்புப் படித்தால் எழுதாததை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள் போல. உங்கள் கற்பனைக்கு நான் பொறுப்பில்லை. மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்டேனா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சொல்லாதீர்கள்.

சொன்னால் வந்துவிடுவான். அவனை உங்களுக்குத் தெரியாது. கை உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, "அண்ணன் சாப்பிட்டுச்சா?" என்று செவந்தியிடம் கேட்ட பயல். நான் நல்லவன் என்று எவனாவது அவன் காதில் போட்டால், அடுத்த பிளைட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து வாசலில் நிற்பான். அண்ணன் செத்தாலும் வரமாட்டேன் என்றானா? அப்படியே இருக்கட்டும். அந்த வெறுப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பீஸில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைஷ்ணவியின் அப்பாவுக்கு அவருடைய பழைய வீட்டுச் சாவி போய்ச் சேர்ந்திருக்கும். யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள்.

அவனுக்கு அந்தக் கை குளிர் காலத்தில் வலிக்கும். அங்கே குளிர் அதிகமாமே. நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களாகச் சொல்கிற மாதிரி.

இந்தக் கடிதத்தில் முத்திரை குத்தவில்லை. அதனால் இது செல்லாது.

நாகராசு